நாம் ஏன் கூடுகிறோம்?



2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று, தூத்துக்குடி தூய பனிமய அன்னையின் திருவிழா பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் மக்கள் கூட்டம் இன்றி நடந்தது. அன்னையின் பிள்ளைகள் அவரவர் வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து செபித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டு 5 அன்று தங்கத்தேர் பவனி வந்தபோது லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். இந்த இரண்டு நாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. வீட்டிலிருந்தே திருப்பலியைப் பார்க்க முடியும் என்றால் கோவிலுக்கு எதற்கு? தேருக்கு வந்த கூட்டம் ஞாயிறன்று எங்கே?

கூடி வளர்ந்த திருச்சபை

நம் முத்துக்குளித்துறை மக்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். செபங்களைத் தமிழில் எழுதச் செய்து மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். ஞாயிறன்று ஊர் முழுவதையும் ஒன்றுசேர்த்து, செபங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் அடுத்த ஊருக்குப் போனபிறகு என்ன ஆனது? ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை ஒருவர் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிவைத்தார். குருவானவர் எப்போதாவதுதான் வந்தார். ஆனால் மக்கள் கூடுவது நிற்கவில்லை. நம் விசுவாசம் பிழைத்தது இப்படித்தான்.

அந்த வழியில் வந்ததுதான் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்ற நம் கடலோர வழக்கம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் அரசின் தடைக்காலம் இருக்கிறது. அதற்கு மேலும் வாரம் ஒரு நாள் தொழிலை விட்டுக்கொடுப்பது சிறிய காணிக்கை அல்ல. ஆனால் கடலுக்குப் போகாத ஞாயிறு, கோவிலுக்கும் போகாத ஞாயிறாக மாறிவிட்டால் அது வெறும் விடுமுறை. நம் முன்னோர் விட்டுச்சென்றது விடுமுறையை அல்ல.

கூட்டமா? சபையா?

கூடினால் மட்டும் போதுமா? கொரிந்து நகர கிறிஸ்தவர்கள் தவறாமல் கூடினார்கள். ஆனாலும் புனித பவுல் அவர்களைப் பாராட்டவில்லை, கண்டித்தார். காரணம், வசதியுள்ளவர்கள் முன்னதாகவே உண்டு குடித்தார்கள். ஏழைகள் பசியோடு இருந்தார்கள் (1 கொரி 11). வழிபாட்டு முறையில் குறை இருந்ததாக அவர் சொல்லவில்லை. ஒருவர் ஒருவரைப் பார்க்காமல் உண்ட உணவு ஆண்டவரின் விருந்தே அல்ல என்றுதான் சொன்னார்.

ஏறக்குறைய கி.பி. 155-இல் புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை உரோமைப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். இறைவார்த்தை, மறையுரை, மன்றாட்டு, நற்கருணை என்று இன்று நாம் செய்வதெல்லாம் அதில் இருக்கின்றன. வர இயலாதவர்களுக்கு நற்கருணை வீட்டுக்கே கொண்டுசெல்லப்பட்டது. காணிக்கையோ அநாதைகளுக்கும், கைம்பெண்களுக்கும், நோயாளிகளுக்கும், சிறையில் இருந்தவர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுக்கும் போனது. அதாவது, யார் வரவில்லை, யாருக்கு என்ன இல்லை என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது.

தொலைக்காட்சித் திருப்பலியால் இயலாதது இதுதான். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் அது பெரிய ஆறுதல். அதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் திரை நம்மை எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருப்பது அதற்குத் தெரியாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2020 ஏப்ரலில், திரைவழித் திருப்பலி நெருக்கடி காலத்துக்கு உரியது, அதுவே திருச்சபை ஆகிவிடாது என்று எச்சரித்தார்.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். நீ எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. எந்த வீட்டில் அரிசி இருக்கிறது, எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பதைத் தண்ணீர் வந்தபிறகு விசாரிக்க நேரம் இருக்காது. அது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ஞாயிறு தோறும் கூடுவதும், அன்பியங்களில் வீடு வீடாகச் சேர்வதும் அந்த அறிமுகத்துக்கும்தான்.

ஆகவே சில கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் கடலில் மோதிக்கொண்டபின், ஒரே பீடத்தின்முன் சமாதானம் சொல்லிக்கொள்கிறோமா? காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரோடு ஒப்புரவாகச் சொன்னார் ஆண்டவர் (மத் 5:23-24). விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவரையும், துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவரையும் நினைத்துத் திருப்பலி நேரத்தை அமைக்கிறோமா? இந்தக் கேள்வி குருக்களாகிய எங்களுக்கும் உரியது. நம் ஊரில் தங்கி வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களில் கத்தோலிக்கர் உண்டா என்று எப்போதாவது விசாரித்தோமா?

திருவிழாவில் நாம் கூட்டமாக இருக்கிறோம், அது மகிழ்ச்சிதான். ஞாயிறன்று நாம் சபையாக வேண்டும். வருகிற ஞாயிறு, மறையுரை நேரத்தில் வெளியே மரத்தடியில் நிற்காமல் உள்ளே வந்து அமர்வோம். திருப்பலி முடிந்ததும், இரண்டு வாரமாகக் கண்ணில் படாத ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுவோம். நம்மைக் கூட்டிச் சேர்க்கும் ஆண்டவர் நம் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக!