கண்ணைப் பொத்தும் கைகள்

குழந்தைகள் காணத் தகாத திரைப்படம் யாது என்று வினவினால், நம்மவர் தயங்காமல் கூறும் விடை ஒன்றே: ஆபாசப் படம். திரையில் காதலர் இருவர் நெருங்கினால் மகனின் கண்களைப் பொத்துகின்ற தந்தை, அடுத்த கட்டத்தில் கதாநாயகன் பகைவனின் கழுத்தை அறுக்கும்போது அதே கைகளைத் தட்டி ஆரவாரம் செய்கிறார். மடியிலிருக்கும் பிள்ளையும் சேர்ந்து தட்டுகிறது. எதற்குக் கண் மூட வேண்டும், எதற்குக் கை தட்ட வேண்டும் என்பதை அது அன்றே கற்றுக்கொள்கிறது. நாம் கற்பிக்கும் இப்பாடம் பிழையானது என்பதே என் வாதம்.

நம் நாட்டுச் சட்டம் இவ்வாறு ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, 18 வயது நிரம்பியோர் மட்டுமே காணத்தக்க படம் 'ஏ' சான்றிதழ் பெறுகிறது. அது காமத்திற்கு மட்டும் இடப்படும் முத்திரை அன்று. அச்சட்டத்திற்கும் முன்பே, 1951இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மர்மயோகி' 'ஏ' சான்றிதழ் பெற்றது. காரணம், பேயுருவம் தோன்றும் காட்சிகள். இன்றைய பிள்ளைகள் அவற்றைக் கண்டு சிரிப்பர். ஆயினும் அன்றைய தணிக்கையாளர் எழுப்பிய வினா சரியான வினா: இக்காட்சி பிஞ்சு நெஞ்சை என்ன செய்யும்?

நாமோ அந்த ஓரெழுத்துக்கு ஒரே பொருள் கற்பித்துக்கொண்டோம். அதனால் நம்மை வாழவைக்கும் மண்ணின் கலைக்கும் பழி சேர்த்தோம். 'செம்மீன்' படத்துக்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1972இல் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' வந்தது. எனினும் 1978இல் ஐ.வி. சசியின் 'அவளுடெ ராவுகள்' 'ஏ' முத்திரையுடன் வெற்றி பெற்ற பின்னர், 'மலையாளப் படம்' என்பதே தமிழகத்தில் ஆபாசத்தின் மறுபெயராயிற்று. உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த ஒரு பெண்ணின் துயரக் கதை அது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டிலும், குமுளி மலையேறி இடுக்கியிலும் குடியேறிய நம்மில் பலர், சொந்த ஊர் உறவினரின் இக்கேலியைக் கேட்டிருப்போம். கேலி செய்தவர்களே வெட்டும் குத்தும் நிறைந்த படத்துக்குக் குடும்பத்தோடு முதல்நாள் சென்றதையும் கண்டிருப்போம்.

அண்மைச் செய்தியைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்தின் 'கூலி' வன்முறையை முன்னிட்டு 'ஏ' சான்றிதழுடன் வெளிவந்தது. தயாரித்த நிறுவனம் 'யு/ஏ' வேண்டிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது, மனு தள்ளுபடியாயிற்று. இத்தகைய சண்டைகள் நிறைந்த பிற படங்களுக்கு 'யு/ஏ' வழங்கப்பட்டதே என்பது அவர்கள் வாதங்களுள் ஒன்று. பிறர்க்குத் திறந்த கதவை எமக்கும் திறவுங்கள் என்பது வாணிகரின் வாதமாக இருக்கலாம். பெற்றோரும் அதையே சொல்லலாமா? 'என் பிள்ளை, என் பொறுப்பு' என்று அரங்கின் வாயிலில் பூசலிடுவோர் ஒன்றை எண்ண வேண்டும். சிறுவரை அனுமதித்தால் காட்சி நடத்துவோருக்குத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அழைத்து வந்த பெற்றோருக்கு அத்தண்டனை இல்லை. தண்டனை இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லையென்று கொள்வது முறையா?

கேரளத்தின் நிலையும் இதுவே. 2024 டிசம்பரில் வெளிவந்த 'மார்கோ' கொடுமையான வன்முறைக்காக 'ஏ' சான்றிதழ் பெற்றது. தொலைக்காட்சிக்கென வகை மாற்றித் தர 2025இல் தணிக்கை வாரியம் மறுத்துவிட்டது. ஆனால் அதற்குள் அப்படம் இணையவழியே இல்லங்களுக்குள் புகுந்துவிட்டது. வாசற்கதவை அடைத்தோம், சன்னல் திறந்தே கிடக்கிறது.

'நாங்களும் சிறுவயதில் எல்லாவற்றையும் பார்த்தோம், கெட்டா போய்விட்டோம்?' என்பர் சிலர். அவர்கள் பார்த்தது கொட்டகையில், ஊரார் நடுவே, ஆண்டுக்குச் சில படங்கள். இன்றைய பிள்ளை பார்ப்பது உள்ளங்கையில், தனிமையில், வேண்டிய காட்சியை வேண்டிய தடவை. 'கூத்தில் துச்சாதனன் வதை இல்லையா?' என்பர் வேறு சிலர். உண்டு. ஆனால் அங்கே கொலைக்கு முன் ஒரு பெண்ணின் கண்ணீர் உண்டு. அறம் எது என்று சொல்லித்தரப் பக்கத்தில் பாட்டியும் உண்டு. இங்கே குருதி மட்டும் உண்டு. கேட்டால் விடை சொல்ல ஆளில்லை.

விடியலில் ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தாய் மாலையில் திரும்பும்வரை பிள்ளைக்குத் துணை கைப்பேசியே என்றால், அத்தாயைக் கடிய எனக்கு மனமில்லை. நான் கடிவது, மாதச் சம்பளமும் மாலை ஓய்வும் வாய்த்திருந்தும், பிள்ளை அழாதிருக்கக் கருவியைக் கொடுத்துவிட்டுத் தமிழ்ப் பண்பாடு பற்றி மேடையில் முழங்கும் நம்மைப் போன்ற அலுவலகக் குடும்பத்தாரையே.

கருவி நமக்கு உதவாமல் இல்லை. 2021ஆம் ஆண்டின் விதிகள் இணையவழிப் படங்களுக்கு வயது வகையும் பெற்றோர் பூட்டும் கட்டாயம் என்கின்றன. 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 'யு/ஏ' வகையை 7, 13, 16 என்னும் வயதுகளால் மூன்றாகப் பகுத்தது. பூட்டு அவர்கள் தந்தது, சாவி நம்முடையது.

தடுத்தால் மட்டும் போதாது. நல்லதைக் கொடுக்கவும் வேண்டும். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984இல் சிறுவர்க்கென இம்மலையாள மண் அளித்தது. சிறந்த குழந்தைகள் படமெனத் தேசிய விருது பெற்ற 'காக்கா முட்டை' நம் மொழியில் உண்டு. பாலக்காட்டில் ஓர் ஆனைக்கரை, இடுக்கியில் ஓர் ஆனைக்கரை. எந்த ஆனைக்கரையானாலும், பத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் மாதம் ஒருநாள் இத்தகைய படங்களைத் திரையிடுவது இயலாத செயலன்று. படம் முடிந்ததும் பிள்ளைகளைப் பேசவிட்டுப் பெரியோர் கேட்க வேண்டும்.

காதலைக் கண்டு நாணுவதும் குருதியைக் கண்டு மகிழ்வதும் நாகரிகம் ஆகா. பிள்ளையின் கண்ணைப் பொத்துமுன், நாம் எதற்குக் கை தட்டுகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.