பாட்டு வேண்டும், வெட்டு வேண்டாம்!

போன வாரம் திண்டுக்கல் போயிருந்தேன். பூட்டு வாங்க அல்ல. அத்தை வீட்டு அம்பாஸடருக்குப் பாட்டுப் பெட்டி பூட்ட!

மாமா 1969-இல் வாங்கிய வண்டி அது. அவர் காலமான பிறகும் அத்தை அதை விற்கச் சம்மதிக்கவில்லை. அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சிறுமலை அடிவாரம் வரை போய்வரும்போது கொடைக்கானல் பண்பலை வானொலி கேட்க வேண்டும்.

"இது என்ன பிரமாதம்? முன்பலகையிலே பதினெட்டு சென்டிமீட்டர் அகலம், ஐந்து உயரம் வெட்டினால் தீர்ந்தது" என்றார் அத்தான்.

"உங்கப்பா தினம் துடைத்த பலகைடா அது! ரம்பத்தை முதலில் என் கழுத்திலே வை!" என்றாள் அத்தை.

நல்ல வேளையாக எலெக்ட்ரீஷியன் பாய் வந்து சேர்ந்தார். "கவலைப்படாதீங்கம்மா. பலகைக்கு அடியிலே இருக்கிற திருகாணியிலேயே ஒரு தகடு பிடிச்சுத் தொங்க விட்டுடலாம். ஸ்பீக்கரைப் பெட்டியோட பின்னால வச்சுக்கலாம். நாளைக்குக் கழற்றினாலும் தழும்பு தெரியாது."

கார் ரேடியோ புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவில் மோட்டோரோலா 1930-லேயே விற்றது. நம் நாட்டில் 1980-களில் ரத்தாகும் வரை ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது.

பாய் முதலில் பெட்டியைத் தொடவில்லை. பானெட்டைத் திறந்து பாட்டரியைப் பார்த்தார். அம்பாஸடருக்கு மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்போர்டில் பாட்டரியின் பிளஸ் முனைதான் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கும். இக்காலப் பெட்டிகளுக்கோ மைனஸ் சேர வேண்டும். பார்க்காமல் மாட்டினால் பெட்டி புகைந்துவிடும். எங்கள் வண்டியில் மைனஸ். பிழைத்தோம்!

மஞ்சள் வயர் பாட்டரிக்கு நேரே போகிறது. ஸ்டேஷன்களை நினைவில் வைப்பது அதன் வேலை. சிவப்பு, சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது. கறுப்பு, பெயிண்ட் சுரண்டிய இரும்புக்கு. ஸ்பீக்கர் வயர் எதையும் வண்டி உடம்பில் சேர்க்கவே கூடாதாம். ஃப்யூஸைப் பாட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தார். "தூரத்தில் வைத்தால் என்ன?" என்று கேட்டேன். "நடுவிலே வயர் உரசினால் எதுங்க காப்பாற்றும்?" என்றார். வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டார்.

பழைய வயர்க் கட்டை விலக்கியவர் சட்டென்று நின்றார். என்றோ யாரோ ஹாரனுக்காகப் போட்ட ஒட்டு. டேப் உரிந்து, உறை கருகி, இரும்பிலிருந்து நூலிழை தூரத்தில் நின்றது.

"இதோடவா இத்தனை நாள் ஓட்டினேன்?" என்றார் அத்தான், முகம் வெளுத்து.

சகோதரிகளே, வீட்டில் பழைய வண்டி இருந்தால், பாட்டு வைக்காவிட்டாலும் வயரை ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் உண்டா என்று கேளுங்கள். 'உனக்கென்ன தெரியும்?' என்றால் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள்!

சாயந்திரம் சிறுமலைப் பக்கம் போனோம். பாட்டு கணீரென்று ஒலித்தது. சிறிது நேரம் கேட்ட அத்தை, கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"ஏன் அத்தை, பிடிக்கவில்லையா?"

"பிடிக்காமல் என்ன? எஞ்சின் சத்தமும் கொஞ்சம் கேட்கட்டும். உங்க மாமாவுக்கு அதுதான் பாட்டு."