காருக்கு வீல் ஸ்பேசர் போடுகிறீர்களா? உப்புக்காற்று ஊரில் இதையெல்லாம் கவனியுங்கள்!

சக்கரம் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்காமல், விளிம்போடு விளிம்பாக வந்து நின்றால் காருக்கே தனி கம்பீரம் வந்துவிடும். அந்த ஆசையில்தான் பலர் வீல் ஸ்பேசர் வாங்குகிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாட்டுவதும் பெரிய வேலையாகத் தெரிவதில்லை. ஆனால், அதில் ஒரு சின்ன அலட்சியம் நடந்தாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது சக்கரமே கழன்று ஓடக்கூடும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, எதிரே டூவீலரில் வருபவருக்கும் அது உயிர் பிரச்னை.

ஸ்பேசர் என்பது என்ன?

ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் அலுமினியத் தட்டுதான் ஸ்பேசர். இதில் இரண்டு வகை உண்டு. 3 முதல் 5 மி.மீ. வரையிலான மெல்லிய தட்டை அப்படியே செருகிவிட்டு, பழைய போல்ட்டிலேயே சக்கரத்தை மாட்டுவது ஒன்று. 20 மி.மீ. போன்ற தடிமனான தட்டை ஹப்பில் தனி நட் போட்டு முடுக்கி, அந்தத் தட்டில் இருக்கும் போல்ட்டில் சக்கரத்தை மாட்டுவது இன்னொன்று.

இரண்டிலும் முக்கியமான விஷயம் ஒன்றுதான். சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது போல்ட்டின் பலம் மட்டுமல்ல. நட் முடுக்கும்போது ஹப்பும் சக்கரமும் ஒன்றோடொன்று அழுந்தும் இறுக்கம்தான். நடுவில் துருவோ மணலோ இருந்தால், ஓட ஓட அது உதிர்ந்து இறுக்கம் தளர்ந்துவிடும்.

எக்கியார்குப்பத்தில் ஏன் கூடுதல் கவனம்?

விழுப்புரம் மாவட்டம் எக்கியார்குப்பத்தில் எதிரே கடல், பக்கத்திலேயே மரக்காணம் உப்பளங்கள். இங்கே வாசலில் நிற்கும் காரின் மேலும் உப்பு படியும். இரும்பு ஹப், அலுமினிய ஸ்பேசர், நடுவே உப்பு ஈரம் மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். சில மாதங்களில் வெள்ளைப் பொடி பூத்து, ஸ்பேசர் ஹப்போடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதனால் கடலோர ஊர்களில் மாட்டுவதற்கு முன்பு சுத்தம் செய்வதும், மாட்டிய பிறகு அடிக்கடி சோதிப்பதும் கட்டாயம்.

வாங்கும் முன்...

* போல்ட் வட்ட அளவும் நடுத்துளை அளவும் காருக்குப் பொருந்த வேண்டும். மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 4 போல்ட், 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 54.1 மி.மீ. துளை பெரிதாக இருந்தால் சக்கரம் மையத்தில் உட்காராது, ஸ்டீயரிங் அதிரும்.

* நட் எத்தனை சுற்று இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 12 மி.மீ. போல்ட் என்றால் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். 1.5 பிட்ச் மரைக்கு 8 சுற்று, 1.25 பிட்ச் மரைக்கு 10 சுற்று. 5 மி.மீ. தட்டைச் செருகினாலே 1.25 பிட்ச்சில் 4 சுற்று குறைந்துவிடும். அப்போது நீளமான போல்ட் மாற்றாமல் ஓட்டவே கூடாது.

* தடிமனான வகையில், காரின் பழைய போல்ட் முனை தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் சமமாக உட்காராது. தட்டின் மேல் தட்டாக இரண்டு ஸ்பேசர்களை அடுக்கவும் கூடாது.

மாட்டும் முறை

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டும் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருவும் உப்பும் இல்லாமல் துடைக்க வேண்டும். ஸ்பேசரை வைத்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் அது சரியாக உட்காரவில்லை. மரையில் கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. அது முடுக்கும் அளவையே மாற்றிவிடும்.

நட்டுகளை முதலில் கையால் சுற்ற வேண்டும். பிறகு வரிசையாக இல்லாமல், எதிரெதிராக முடுக்க வேண்டும். கடைசி இறுக்கம் ஏர் கன்னில் அல்ல, டார்க் ரெஞ்ச்சில். எவ்வளவு என்பது காரின் கையேட்டிலும் ஸ்பேசர் தயாரிப்பாளரின் குறிப்பிலும் இருக்கும். ஒரே அச்சில் இருபுறமும் ஒரே தடிமன் இருக்க வேண்டும்.

இறக்கியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, பின் சீட்டில் ஆட்களை உட்கார வைத்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி முடுக்கம் பார்க்க வேண்டும். தடிமனான வகையில் உள் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றித்தான் அவற்றைப் பார்க்க முடியும்.

பங்க்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது, ஸ்பேசர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டெப்னி சக்கரம் ஸ்பேசர் மேல் சரியாக உட்காருகிறதா என்பதையும் வீட்டிலேயே சோதித்துவிடுவது நல்லது. ராத்திரி நேரத்தில் நடுவழியில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஜெர்மனியில் ஸ்பேசர் போடுபவர்கள் சான்று பெற்ற பொருளை வாங்கி, பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். எனவே மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேரத்தில் கிளெய்முக்குச் சிக்கலாகலாம்.

தேவைதானா?

20 மி.மீ. ஸ்பேசர் போட்டால் இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 40 மி.மீ. கூடும். வீல் பேரிங்குக்குச் சுமை ஏறும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் இழுக்கும். பெரிய பிரேக் பொருத்தவோ, டயர் உள்ளே உரசாமல் இருக்கவோ தேவைப்பட்டால் ஸ்பேசருக்கு அர்த்தம் உண்டு. அழகு மட்டும்தான் நோக்கம் என்றால், காருக்குப் பொருத்தமான ஆஃப்செட் உள்ள அலாய் வீல் வாங்குவதே பாதுகாப்பு. நடுவே ஒரு தட்டு குறைந்தால், உப்புக்காற்று அரிப்பதற்கும் ஒன்று குறையும்!