பார்சலின் கடைசி பத்து கிலோமீட்டர்

போன மாதம் அம்மாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி அனுப்பினேன். நான் இருப்பது டொராண்டோவில். அம்மா இருப்பது மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் லைன் வீட்டில். கோயமுத்தூர் நண்பன் வாங்கி கூரியரில் போட்டான். இரண்டே நாளில் மூணாறு போய்விட்டது. அப்புறம்தான் கூத்து. "எய்யா, டவுனுக்கு வந்து வாங்கிக்கிடணும்னு சொல்லுதாங்க" என்று அம்மா போன். தங்கச்சி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஜீப் பிடித்துப் போய் வாங்கி வந்தாள். இதற்கு டோர் டெலிவரி என்று பெயராம்!

அதனால்தான் சொல்கிறேன். எஸ்டேட்டுக்கும் எல்லையோர ஊர்களுக்கும் சின்னப் பார்சல் என்றால் தபாலில் போடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. எங்கள் லைனுக்கு இதுவரை வந்தவர் போஸ்ட்மேன் ஒருவர்தான்.

ஆனால் நம் பக்கத் தப்பும் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சி ரோட்டில் எல்லையை ஒட்டி மீனாட்சிபுரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை மீனாட்சிபுரம் என்று எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் பார்சல் தென்மாவட்டம் எல்லாம் சுற்றும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. முதல் எண் 6 தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் பொது. அடுத்த இரண்டில்தான் விஷயம்: மூணாறும் குமுளியும் 685, மலைக்கு இந்தப் பக்கம் போடியும் கம்பமும் 625. எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் நம்பர் மூன்றையும் எழுதுங்கள். முகவரியைத் தமிழில் மட்டும் எழுதாமல் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பிரிப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன? இன்னொரு காகிதத்தில் அதே முகவரியை எழுதி உள்ளேயும் வையுங்கள். ஜூன், ஜூலை மழையில் மேலே எழுதியது கரைந்துவிடும். பொருளை முதலில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிவிட்டு அப்புறம் அட்டைப்பெட்டி.

பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அடுத்த மாதம் வந்த கட்டணப்படி, உரியவர் கையில் மட்டும் கொடுக்க 5 ரூபாய், ஓடிபி சொன்னால்தான் கொடுப்பது என்றால் அதற்கும் 5 ரூபாய், வரி தனி. முதலாவது நல்லது. இரண்டாவது எங்கள் லைனுக்கு வேண்டவே வேண்டாம். டவர் கிடைக்க அம்மா கோயில் மேட்டுக்கு ஏறணும். ஓடிபி வருவதற்குள் போஸ்ட்மேன் அடுத்த டிவிஷன் போயிருப்பார்.

கண்ணாடிக் கூட்டை நண்பன் மறந்துவிட்டான். இந்த வாரம் ஸ்பீட் போஸ்டில் போகிறது. பின்கோடை இரண்டு தடவை சரிபார்த்து நானே வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன்.