பருத்திப்பட்டில் எத்தனை நாரை?

பறவைப் படம் பகிர்வது நம்மவரிடையே ஒரு நித்திய கடமையாகிவிட்டது. காலையில் ஒரு மீன்கொத்தி, மாலைக்குள் இரண்டு கூழைக்கடா, கீழே 'அருமை', 'கவிதை' என்று பாராட்டுகள். எங்கே எடுத்தது என்று கேட்டால் 'சென்னைக்குப் பக்கத்தில்' என்கிறார்கள். எப்போது என்றால் 'போன சீசனில்'. எத்தனை இருந்தன என்று கேட்பவர் ரசனை கெட்டவராகிவிடுகிறார். இந்த ரசனையோடுதான் நமக்கு வழக்கு.

ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 87 ஏக்கர். கழிவுநீர் கலந்து கெட்டுக் கிடந்த அந்த ஏரி, சுமார் 28 கோடி ரூபாய்ச் செலவில் சீரமைக்கப்பட்டு, நடைபாதையுடன் கூடிய பசுமைப் பூங்காவாக 2019இல் திறக்கப்பட்டது. ஏரி பிழைத்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அங்கே பறவைகள் பெருகினவா, குறைந்தனவா? பெருகின என்பாரும் ஒரு படத்தை நீட்டலாம். குறைந்தன என்பாரும் ஒரு படத்தை நீட்டலாம். தனியொரு கூழைக்கடாவின் படம் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும். அப்படிப்பட்ட சாட்சியை எந்த வழக்கில் நம்புவது?

கேள்வி அற்பமானதன்று. ஓர் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் வசதி. ஆழமற்ற சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்கோ வாழ்விடம் போயிற்று. கரையோரக் கோரையை வழித்தெடுத்தால் பார்வைக்கு அழகு. தாழைக்கோழிக்குக் கூடு கட்ட மறைவில்லை. ஆகவே 'பறவை இருக்கிறது' என்பது விடையாகாது. எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதம் என்பதே விடை. சீரமைப்புக்கு முன்னும் பின்னும் ஒரே கரையில் நின்று மாதந்தோறும் எழுதிய பட்டியல்களில்தான் அது கிடைக்கும். படம் இருப்பதை மட்டும் காட்டும். இல்லாமற்போனதைக் காட்டப் பட்டியலால்தான் முடியும்.

'நாங்கள் விஞ்ஞானிகள் அல்லர், வெறும் ரசிகர்கள்' என்று ஒரு பதில் வரும். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பார்க்கட்டும். 942 இனங்களை மதிப்பிட்ட அந்த அறிக்கை, சுமார் 30,000 பறவை நோக்கர்கள் தந்த மூன்று கோடிப் பதிவுகளின் மீது எழுப்பப்பட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவருகின்றன என்று நமக்குத் தெரிவித்தது அவர்கள் எழுதிவைத்த காக்கைக் கணக்கும் மைனாக் கணக்கும்தான். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய ஈ-பேர்ட் தளம் அவர்களிடம் கேட்டது இடம், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றை மட்டுமே. படம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பதிவு பதிவுதான்.

எண்ணிக்கைக்கு ஊர்களைக் காக்கும் வலிமையும் உண்டு. ஒரு நீர்நிலை ராம்சார் தகுதி பெறுவதற்கான அளவுகோல்களுள் ஒன்று, அங்கே 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்குவது. அந்த இருபதாயிரத்தை எந்தப் புகைப்படக் கண்காட்சியும் நிறுவாது. யாரோ கரையில் நின்று எண்ணியாக வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

இலக்கிய அன்பர்களிடம் நமக்குக் கூடுதல் கோபம் உண்டு. ஐந்திணைப் பெருமை பேசாத மேடை நம்மிடம் இல்லை. தொல்காப்பியம் புள்ளைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. அதாவது பறவை நிலத்தோடு சேர்ந்தது என்பது நம் பழைய இலக்கணம். அந்த மரபின் வாரிசுகள் 'ஏதோ ஒரு பறவை' என்று கவிதை எழுதுகிறார்கள். ஊர் சொல்லாமல் படம் போடுகிறார்கள். நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, மடையான் என்று வழங்கிவரும் பெயர்கள் இருக்க, எல்லாம் 'கொக்கு' ஆகிவிடுகின்றன. மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர், தமிழிலும் எழுதியவர். தியடோர் பாஸ்கரன் தொகுத்தளித்த அவரது தமிழ்க் கட்டுரைகளை வாசிப்பவர் எவரும், கூர்ந்து பார்ப்பது ரசனைக்குப் பகை என்று சொல்ல மாட்டார்.

இடம் சொல்லுங்கள் என்னும் நம் கோரிக்கைக்கு ஒரு விலக்கு உண்டு. கூடுகளும் ஆந்தைகள் பகலில் அடையும் மரங்களும் அரிய இனங்களின் இருப்பிடங்களும் ரகசியமாகவே இருக்கட்டும். வேட்டைக்கும் தொல்லைக்கும் இலக்காகக்கூடிய இனங்களின் இடத்தை ஈ-பேர்ட் தளமே மறைத்துவிடுகிறது. நம்மவரோ நீர்க்காகத்தின் இடத்தைச் சொல்ல மறந்துவிட்டு, ஆந்தைக் கூட்டுக்கு வழி எழுதிப் பத்துப் பேரைக் கருவியோடு அனுப்புகிறார்கள். படம் தெளிவாக விழவேண்டும் என்று கூட்டைச் சுற்றியுள்ள இலைகளை ஒடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதன்பின் குஞ்சுகளின் மீது வெயில் விழும். காக்கையின் கண்ணும் விழும். அந்தப் படத்துக்கு வாழ்த்துச் சொல்பவர்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு.

நாம் கேட்பது கடினமானதன்று. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். கால் மணி நேரம் போதும், மொட்டைமாடியே போதும். மேற்குப் புறநகரில் வசிப்பவர்களுக்குப் பருத்திப்பட்டு நடைபாதை இருக்கிறது. நடக்கிற நேரத்தில் எண்ணலாம். அடுத்த படத்தைப் பகிரும்போது அதன் கீழே பறவையின் தமிழ்ப் பெயரையும் ஏரியின் பெயரையும் தேதியையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பத்தாண்டு கழித்து அந்த ஏரியின் பொருட்டு யாரேனும் வாதாட நேர்ந்தால், அவர் கையில் பாராட்டுரைகளுக்குப் பதிலாக ஒரு கணக்கு இருக்கட்டும்.