யார் பூட்டிய கதவு?

குட்டீஸ்! கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரை உங்களுக்குத் தெரியும். பேஸ்பால் விளையாட்டில் அதே இடத்தில் இருப்பவர், 'கேட்சர்'. ஒவ்வொரு பந்துக்கும், முகத்தில் கம்பி முகமூடியோடு பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தி உட்கார வேண்டும். எந்த மாதிரி பந்து வேண்டும் என, பந்து வீசுபவருக்கு விரலால் சைகை காட்டுவதும் இவரே.

அமெரிக்காவில் ஜோஷ் கிப்சன் என்ற கேட்சர் இருந்தார். 1911ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். பேட்டிங்கிலும் புலி. ஆனால், அந்நாட்டின் பெரிய லீக்கில் அவரால் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. காரணம், அவர் கறுப்பினத்தவர். பெரிய லீக் அணிகள் அப்போது கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால், அவர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்தினர். அதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிகளுக்கு கிப்சன் ஆடினார். இந்த வீரர்கள் ஊர் ஊராகப் பஸ்சில் போவர். பல ஓட்டல்களில் இடம் தர மாட்டார்கள். பஸ்சிலேயே தூங்க வேண்டியதுதான்.

1947 ஜனவரியில், 35வது வயதில் கிப்சன் இறந்தார். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 15ல், ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் பெரிய லீக்கில் களமிறங்கினார். கதவு திறந்தது, கிப்சன் இல்லை. அவரது கல்லறையில் 1975 வரை பெயர்க் கல்கூட இல்லை!

கறுப்பின லீக் ஆட்டங்களின் கணக்கை, ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளில் தேடித் தேடிச் சேர்த்தனர். 2024ல் அது பெரிய லீக் பதிவேட்டில் ஏறியது. ஆயிரம் முறை பேட் பிடித்தால் 372 முறை வெற்றிகரமாக அடித்தார் என்ற சராசரியுடன், கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் சராசரி 367.

'கிப்சன் ஆடிய ஆட்டங்கள் குறைவு. இருவரையும் ஒப்பிடலாமா?' என்று சிலர் கேட்கின்றனர். குறைவுதான். ஆனால், பெரிய லீக் வேண்டாம் என்று அவரா சொன்னார்? கதவைப் பூட்டிவிட்டு, 'நீ ஏன் உள்ளே வரவில்லை?' என்று கேட்பது என்ன நியாயம்? அதனால், அவர் பெயரைச் சேர்த்தது சரி என்பதே என் கருத்து.

இருந்தாலும், இறந்து 77 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த முதலிடத்தைக் கிப்சன் பார்க்கவே இல்லையே! நாளை விளையாட்டு பீரியடில் அணி பிரிக்கும்போது, யாராவது ஓரமாக நிற்கிறார்களா என்று பாருங்கள். அவர்களை அப்போதே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியா?