பிரீசரில் இருக்கும் பொட் பையும் எமது பொறுப்பும்



கடந்த மாதம், வழமையாக எமது கடைக்கு வரும் ஒரு முதியவர் பிரீசரிலிருந்து ஆறு சிக்கின் பொட் பைகளை எடுத்து வந்து காசு மேசையில் வைத்தார். மனைவி ஊருக்குப் போயிருக்கிறாராம். இவருக்குச் சமையல் தெரியாது. மைக்ரோவேவில் வைத்தால் போதும் என்று மகள் சொல்லியிருக்கிறார். "தம்பி, எனக்குப் பிரஷர் இருக்கு. டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர். இது சாப்பிடலாம்தானே?" என்று கேட்டார். "கோழி இறைச்சிதானே ஐயா, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தோம். அவருக்குப் பின்னால் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

கூட்டம் குறைந்த பின்னர்தான் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். அவர் நின்றபோதே அதைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வருடங்களாகக் கடை நடத்துகிறோம். எத்தனை ஆயிரம் பெட்டிகளை அடுக்கியிருப்போம், ஆனால் பெட்டியின் பின்பக்கத்தை வாசித்தது அன்றுதான் முதல் தடவை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எம்மில் பலரின் நிலை இதுதான் என்பதால் எழுதுகிறோம்.

பொட் பை என்பது என்ன? கோதுமை மாவையும் கொழுப்பையும் சேர்த்துப் பிசைந்த மேலோட்டுக்குள் கோழித் துண்டு, பட்டாணி, கரட், கிழங்கு ஆகியவற்றைத் தடித்த குழம்பில் இட்டு மூடிச் சுடுவது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வட அமெரிக்க வீடுகளில் செய்து வந்த சாப்பாடு. 1950களின் தொடக்கத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரிலிருந்த ஸ்வான்சன் நிறுவனம் இதை உறைய வைத்துப் பெட்டியில் விற்றது. வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவியாக இருந்தது. இன்று ஸ்காபரோ, மார்க்கம், மிசிசாகா என்று எமது கடைகள் இருக்கும் இடமெல்லாம், உறைய வைத்த பரோட்டாவுக்கும் மட்டன் றோல்ஸுக்கும் பக்கத்தில் இதுவும் கிடக்கிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் தனியே இருக்கும் மாணவர்கள், இரவு வேலைக்காரர்கள், வயதானவர்கள்.

சுமார் 200 கிராம் நிறையுள்ள சிறிய பொட் பை ஒன்றில் ஏறத்தாழ 400 கலோரி இருக்கிறது. கொழுப்பு 20 கிராமுக்கு மேல், அதில் உறைகொழுப்பு 8 அல்லது 9 கிராம். சோடியம் 800 முதல் 900 மில்லிகிராம். புரதம் 10 முதல் 12 கிராம். கம்பனிக்குக் கம்பனி சிறிது கூடும், குறையும். கனடாவின் சத்து அட்டவணை ஒரு நாளுக்கு வைத்திருக்கும் சோடியம் அளவு 2300 மில்லிகிராம். அப்படியென்றால் இந்தச் சின்னப் பையொன்றே நாளின் உப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கொடுத்துவிடுகிறது. உறைகொழுப்பு நாளின் அளவில் 40 வீதத்தைத் தாண்டுகிறது. அந்த ஐயா பசிக்கு இரண்டு சாப்பிட்டால் கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

இதை வாங்குபவர் நினைப்பது "கோழி சாப்பிடுகிறேன்" என்று. ஆனால் இதில் கோழி எவ்வளவு? எல்லைக்கு அப்பால் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் விதி, கோழிப் பை என்று பெயர் வைக்கச் சமைத்த இறைச்சி 14 வீதம் இருந்தால் போதும் என்கிறது. 200 கிராமில் அது 28 கிராம். எமது வீட்டுக் கறியில் ஒரு நடுத்தரத் துண்டு அதை விடப் பெரிது. மிச்சமெல்லாம் மாவு, கொழுப்பு, தண்ணீர், மாப்பொருள், கொஞ்சம் மரக்கறி. பெட்டியிலுள்ள சேர்மானங்கள் நிறையின் இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். கோழி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று ஒருதரம் விரலை வைத்துப் பாருங்கள். புரதம்தான் வேண்டுமென்றால் அவித்த முட்டை இரண்டில் அதே 12 கிராம் இருக்கிறது. கலோரி சுமார் 150. உப்போ மிகக் குறைவு. முட்டையும் நாம்தான் விற்கிறோம்.

ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். முன்பு இந்த மேலோட்டை மொறுமொறுப்பாக்கப் பாவித்த, பகுதியாக ஐதரசன் ஏற்றிய எண்ணெயைக் கனடா 2018 செப்டெம்பரில் தடை செய்துவிட்டது. இருதயத்துக்குப் பெரும் கேடான ட்ரான்ஸ் கொழுப்பு அதோடு பெருமளவு ஒழிந்தது. அதற்காக இது பத்தியச் சாப்பாடு ஆகிவிடாது.

பெரிய பைகளில் வேறொரு சிக்கல். அட்டவணையின் முதல் வரியில் "ஒரு கோப்பைக்கு" அல்லது "அரைப் பைக்கு" என்று இருக்கலாம். அதைப் பாராமல் கீழே உள்ள இலக்கத்தை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கையே பார்க்கிறார். பையைப் பாதியாக வெட்டி மறுநாளைக்கு எடுத்து வைப்பவர் எத்தனை பேர்? நாம் ஒருவரையும் கண்டதில்லை.

இப்போது பெட்டியின் முன்பக்கத்திலும் ஓர் அடையாளம் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் பூதக்கண்ணாடி ஒன்று, பக்கத்தில் உறைகொழுப்பு, சீனி, சோடியம் ஆகியவற்றில் எது அதிகமோ அதன் பெயர். 2022 இல் வெளியான ஒழுங்குவிதி, கம்பனிகளுக்கு 2026 ஜனவரி 1 வரை அவகாசம் கொடுத்திருந்தது. பொதுவான பண்டங்களில் நாளளவின் 15 வீதத்தை எட்டினால் அடையாளம் போட வேண்டும். 200 கிராமோ அதற்கு மேலோ பரிமாறும் முழுச் சாப்பாட்டுக்கு எல்லை 30 வீதம். சோடியத்தில் அது 690 மில்லிகிராம். நாம் மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த அடையாளம் வந்ததிலிருந்து சில அங்கத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். வியாபாரம் குறையும் என்கிறார்கள். ஒரு கடையில் விலைச் சீட்டைச் சரியாகப் பூதக்கண்ணாடியின் மேலேயே ஒட்டியிருந்ததை எமது கண்ணாலேயே கண்டோம். வேலைக்கு நிற்கும் பிள்ளை கை போன இடத்தில் ஒட்டியிருக்கலாம். முதலாளி சொல்லி ஒட்டியிருந்தால் அது வியாபாரமல்ல, ஏமாற்று. கட்டாயமாக அச்சிட வேண்டிய விபரம் வாங்குபவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் சட்டம். அதை மறைக்க எமக்கு உரிமையில்லை.

"பெரிய சுப்பர் மார்க்கற்காரன் குவித்து வைத்து விற்கிறான், அவனுக்கு இல்லாத கவலை எமக்கு ஏன்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே போகிறவர் யாரிடமும் "தம்பி, இது சாப்பிடலாமா?" என்று கேட்பதில்லை. எம்மிடம் கேட்கிறார். பெட்டியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கின்றன, தமிழ் இல்லை. எழுபது வயதில் வந்து சேர்ந்த ஓர் அம்மாவுக்கு அந்த அட்டவணையை வாசித்துச் சொல்லக் கூடியவர் கடைக்காரர் மட்டுமே. எமது சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு என்பது எல்லோரும் அறிந்தது. தூரத்திலிருக்கும் மலிவுக் கடையை விட்டு எம்மிடம் வருபவர், சொல்லைக் கேட்டு வாங்கலாம் என்ற நம்பிக்கையில்தான் வருகிறார்.

விற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாமும் விற்கிறோம், தொடர்ந்தும் விற்போம். குளிர் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வருபவருக்குச் சுடச்சுட ஒரு பை கிடைப்பது சின்ன விடயமல்ல. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள் என்பதுதான் எமது வேண்டுகோள். இதற்கு டொக்டர் படிப்புத் தேவையில்லை. அட்டவணையின் அடியிலேயே எழுதியிருக்கிறது: 5 வீதமோ அதற்குக் குறைவோ என்றால் கொஞ்சம், 15 வீதமோ அதற்கு மேலோ என்றால் அதிகம். காசு மேசையில் நிற்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு இலக்கத்தையும் பழக்க ஐந்து நிமிடம் போதும்.

இனி, எமது சொந்த முதுகையும் பார்க்க வேண்டும். பொட் பைக்காவது அட்டவணை இருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் எமது மட்டன் றோல்ஸ், பட்டீஸ் பக்கற்றுகளில் எத்தனையில் இருக்கிறது? கடையின் சொந்தச் சமையலறையில் மூலப்பொருளிலிருந்து தயாரித்து அதே கடையில் மட்டும் விற்கும் பண்டத்துக்கு அட்டவணையிலிருந்து விலக்கு உண்டு. "கொழுப்புக் குறைந்தது" என்று மேலே எழுதினால் அந்த விலக்கும் போய்விடும். வேறோர் இடத்தில் செய்வித்து, பொதி பண்ணி, பல கடைகளுக்கு விநியோகிப்பவர்களுக்கு இந்த விலக்கு இல்லை. மொத்த வியாபாரிகளும் இறக்குமதியாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வுகூடச் செலவு சிறு தயாரிப்பாளருக்குப் பாரம்தான், மறுக்கவில்லை. பலர் சேர்ந்து செய்வித்தால் பாரம் பங்கிடப்படும். சங்கம் இதில் முன்னின்று ஒழுங்கு செய்ய வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரேரணை கொண்டுவர இருக்கிறோம். மாவும் எண்ணெயும் உப்பும் எமது றோல்ஸிலும் உண்டு. பரிசோதித்து வரும் இலக்கம் சிலருக்குக் கசக்கும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம்.

அந்த முதியவருக்கு மறுநாளே தொலைபேசி எடுத்து விபரத்தைச் சொன்னோம். கோபிக்கவில்லை. "அப்ப ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். நான்கு பைகளைத் திருப்பிக் கொண்டு வந்தார். உறைந்த பண்டத்தைத் திரும்ப அடுக்க முடியாதென்பதால் அவற்றைக் கழித்துவிட்டுக் காசைக் கொடுத்தோம். முட்டை ஒரு டசினும், உறைந்த மரக்கறி இரண்டு பக்கற்றும், சின்ன மீன் கொஞ்சமும் வாங்கிக் கொண்டு போனார். முட்டை அவிக்கத் தெரியுமாம்.